நாகையா சாகிற எபிசோட்

எங்கள் பக்கத்தில் கரண்ட் வந்தால் எல்லோருக்கும் வேலை ஆரம்பிக்கும், எனக்கு மட்டும் நின்றுபோகும். விவசாயத்துக்கு விடுகிற த்ரீ பேஸ் கரண்ட் காலையில் எப்போது வேண்டுமானாலும் வரும். வந்ததுதான் தாமதம், சுற்றிலும் இருக்கிற கிணற்று மோட்டார்கள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து இரையும். அதற்குள் அன்றைக்கு எழுத வேண்டியதை எழுதி, வாய்விட்டுப் படித்து, போனில் பதிவும் செய்துவிட வேண்டும். ஏனென்றால் என் எழுத்தறை, ஒலிப்பதிவுக் கூடம் எல்லாமே மாந்தோப்பு ஓரத்து மோட்டார் ஷெட்தான். எதிரொலி அடங்குவதற்காகச் சுவரெல்லாம் பழைய கோணிகளை ஆணியடித்து வைத்திருக்கிறேன். உள்ளே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, யூரியா வாசனை, என்னைக் கண்டு பயப்படாத இரண்டு பல்லிகள். இங்கே உட்கார்ந்துகொண்டுதான் ஏழு கரைகளும் ஒரு கருப்பு நதியும் கொண்ட உலகத்தை நான் கட்டி ஆள்கிறேன்.

வெதுருகுப்பம் சந்தையில் யாராவது “கலைவாணி இன்னா பண்றா?” என்று கேட்டால், அம்மா “போன்ல பேசிக்கினு கீறா” என்று சொல்லிவிடுவாள். அவளைக் குறை சொல்லவும் முடியாது. மந்திரவாதி, பேசும் நதி, நிழலை விற்கிறவர்கள் என்று எழுதுவது ஒரு பிழைப்பு என்று எந்தத் தாய் நம்புவாள்? ஆனால் தினமும் மாலை ஆறு மணிக்கு ஒரு ஆப்பில் என் குரலில் ‘கருநதி’ வருகிறது. நகரியில் தறி வீடுகளில் கேட்கிறார்கள். குவைத்தில் வீட்டு வேலைக்குப் போன எங்கள் ஊர்ப் பெண்கள் கேட்கிறார்கள். ஒரு நாள் பத்து நிமிஷம் தாமதமானால் போதும், திட்டித் தீர்த்துவிடுவார்கள். அந்தத் திட்டுத்தான் எனக்குக் கிடைத்த விருது.

இவர்கள் எல்லோருக்கும் முன்னால் கேட்கிறவர் ஒருவர் இருந்தார். என் தாய்மாமன் நாகையா. எங்கள் தோப்புக்கு அடுத்த நிலம் அவருடையது. அவருடைய மோட்டாரைக் கையால்தான் போட வேண்டும். அதனால் விடிந்ததிலிருந்து கரண்டுக்காகக் காத்துக்கொண்டு, என் ஷெட்டுக்கு வெளியே துணி துவைக்கிற கல்லில் குந்தியிருப்பார். சும்மா உட்கார்ந்திருக்கிற மனுஷன் வேறு என்ன செய்வார்? நான் உள்ளே படிப்பதைக் கேட்பார். பிடித்தால் இருமுவார். பிடிக்காவிட்டால் பீடியைப் பற்ற வைப்பார். தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பல நாள் அந்தச் சத்தத்துக்காகவே ஒரு பக்கத்தை அழித்துவிட்டு மறுபடி எழுதியிருக்கிறேன்.

“எம் பேர்ல ஒரு ராஜாவ வையி மே” என்று ஒரு நாள் கேட்டார். நான் ராஜாவை வைக்கவில்லை, தோணிக்காரனை வைத்தேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் தோணிக்காரன் நாகையா கருநதியோடு பேரம் பேசினான். அந்த நதி ஒவ்வொரு முறை கடக்கும்போதும் ஒரு விலை கேட்கும். கொடுக்கிறவனுக்கு வலிக்காத எதையும் அது வாங்காது. அது மட்டும்தான் அதன் சட்டம். தோணிக்காரன் முதலில் தன் நிழலைக் கொடுத்தான். பிறகு தூக்கத்தைக் கொடுத்தான். தன் தாயின் முகம் எப்படி இருக்கும் என்கிற நினைப்பைக் கொடுத்த அன்றைக்கு, வெளியே மாமா இருமி இருமி எனக்கு ரெக்கார்டிங் கெட்டுப்போனது. அதற்குப் பிறகு ராஜா வேண்டும் என்று அவர் கேட்கவே இல்லை. டீக்கடையில் “நா நேத்து நதிக்கு இன்னா குடுத்தேன் தெரியுமா?” என்று ஆரம்பிக்கிற அளவுக்கு முற்றிவிட்டது.

அப்படிப்பட்ட தோணிக்காரனை நான் கொன்றுவிட்டேன். எரிகிற ஊரிலிருந்து தப்பித்த ஜனங்களோடு கடைசிக் கரைக்குப் போகிறான். நதி விலை கேட்கிறது. கொடுக்க இனி அவனிடம் எதுவும் மிச்சமில்லை, அவனைத் தவிர. அந்த எபிசோடை எழுதி, பதிவு செய்து, போனில் தயாராக வைத்திருந்தேன். சென்னையில் எனக்கு எடிட்டராக இருக்கிற பிரீத்தி, ‘தோணிக்காரனின் முடிவு’ என்று போஸ்டரே போட்டுவிட்டாள்.

அந்த எபிசோடை மாமா வெளியே உட்கார்ந்து கேட்கவில்லை. அவர் திருப்பதி பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

காலில் முள் ஏறியதுதான் ஆரம்பம். சர்க்கரை உள்ள உடம்பு. மஞ்சளை வைத்துக் கட்டிக்கொண்டு, கரண்ட் வந்தால் நொண்டிக்கொண்டே போய்த் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். டாக்டரிடம் போகச் சொல்லி நானும் அம்மாவும் கத்தினோம். “முள்ளுக்கெல்லாமா டாக்டரு?” என்றார். விரல் கறுத்து, கறுப்பு மேலே ஏறி, காய்ச்சலில் பிதற்ற ஆரம்பித்த பிறகுதான் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

போஸ்டர் வந்த மறுநாள் காலையில் செல்லியம்மா அத்தை போன் செய்தாள். மாமாவின் மனைவி. போனை எடுத்தாலே கத்திப் பேசுகிறவள், அன்றைக்கு மெதுவாகப் பேசினாள். 

“கலை, முட்டிக்குக் கீய கால எடுக்கணும்ன்றாங்க. இன்னிக்கே எடுக்கணுமாம். ஒங்க மாமன் ஒத்துக்கமாட்றாரு. கையெழுத்துப் போடமாட்டேன்னு பேனாவ தூக்கி எறியறாரு. நீ வா.”

பஸ்ஸில் போகிற வழியெல்லாம் பிரீத்தியிடமிருந்து செய்தி வந்துகொண்டே இருந்தது. ஆறு மணி எபிசோடுக்கு எவ்வளவு பேர் காத்திருக்கிறார்கள், எத்தனை பேர் அழத் தயாராக இருக்கிறார்கள் என்று. போனை அணைத்துப் பையில் போட்டேன்.

வார்டில் மாமா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். காலில் சுற்றிய கட்டுக்கு மேலே, கெண்டைக்கால் வரைக்கும் தோல் மினுமினுவென்று வீங்கியிருந்தது. மூக்கைப் பொத்திக்கொள்ளாமல் நிற்பது கஷ்டமாக இருந்தது. பொத்திக்கொண்டால் பார்த்துவிடுவார் என்று பயந்து அப்படியே நின்றேன்.

டாக்டர் சபீனா என்னைத் தனியாக அழைத்துத் தெலுங்கில் சொன்னார். “காலு தீஸேஸ்தே மனிஷி மிகுல்தாடு.” காலை எடுத்தால் ஆள் மிஞ்சுவார். பிறகு எனக்காகத் தமிழுக்கு மாறினார். “விஷம் ரத்தத்துல ஏறிட்டிருக்கு. சாயங்காலத்துக்கு மேல எடுத்தாலும் பிரயோஜனம் இருக்காது. அவர் தெளிவா பேசறார், அதனால அவரேதான் ஒத்துக்கணும். நீங்க பேசுங்க.”

பேசினேன். மாமா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“எங்கப்பன் ஊரான் நெலத்துல நின்னு நின்னே செத்தான்,” என்றார் சுவரிடம். “எங்க வம்சத்துல சொந்தச் சேத்துல எறங்கன மொத காலு இது. இத்த வெட்டிப் போட்டுட்டு ஊட்டுக்குப் போயி கட்டில்ல உக்காந்துக்கினு நா இன்னா பண்றது? நெலத்த தூரத்துல இருந்து பாக்கறதா? அதுக்கு ஒரேயடியா போயிடலாம். வுடு.”

“செத்துட்டா நெலம் கண்ணுக்குத் தெரியுமா மாமா?” என்றேன்.

“தெரியாது இல்ல? அதான் நல்லது.”

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. பெரும்பாலும் எனக்கு இரண்டும் சேர்ந்துதான் வரும்.

அத்தை என் கையைப் பிடித்து மாடிப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே யாரோ துணியை விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களைத் தாண்டி மூலையில் நிறுத்தினாள்.

“அந்தத் தோணிக்காரன சாவடிக்கப் போறியா?”

“யாரு சொன்னா?” என்றேன்.

“போஸ்டர அவரு பாத்துட்டாரு. பக்கத்து பெட்டுக்காரன் காமிச்சான். ‘பாரு செல்லி, கலைக்கே தெரிஞ்சி போச்சி, நா போவப்போறேன்னு’ன்றாரு. அவன சாவடிக்காத. அவனும் ஒரு கால குடுத்துட்டுப் பொயச்சான்னு எயுது. இவருக்குப் படிச்சுக் காட்டு. ஒத்துக்குவாரு.”

“அத்தை, அது கதை. அதுக்கும் இதுக்கும்...”

“பால் சென்டரு கமலக்கண்ணன மறந்துட்டியா?”

இதைச் சொல்லுவாள் என்று எனக்குத் தெரியும். போன வருஷம் கமலக்கண்ணன் பேரை ஒரு குதிரைக்காரனுக்கு வைத்தேன். கதையில் குதிரை தள்ளி அவனுக்கு இடுப்பு ஒடிந்தது. அடுத்த மாதமே நிஜக் கமலக்கண்ணன் மொபெட்டிலிருந்து விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டான். குடித்துவிட்டு ஓட்டுகிறவன் யார் பேரை வைத்தாலும் விழத்தான் விழுவான். ஆனால் ஊரே என்னைத்தான் பார்த்தது. அதிலிருந்து சில பேர் என் எதிரில் தங்கள் பேரைச் சொல்லவே யோசிக்கிறார்கள்.

“கதைய நெனச்சபடி திருப்ப முடியாது அத்தை. அதுக்கு ஒரு சட்டம் கீது.”

“யாரு போட்ட சட்டம்? நீ போட்டதுதான?” என்றாள். “நா சொன்னா கேக்கமாட்டாரு. நீ சொன்னாலும் கேக்கல. அந்தக் கத சொன்னாதான் கேப்பாரு. கையெடுத்துக் கும்புடறேன் கலை.”

உண்மையிலேயே கும்பிட்டாள். மாமாவின் தீக்குச்சிக்கு அல்லாமல் இதுவரை வேறு எந்த வாசகருக்காகவும் ஒரு கமாவைக்கூட மாற்றியதில்லை என்று பெருமை பீற்றிக்கொண்டிருந்தவள் நான். அந்தப் பெருமை மாடிப்படி மூலையில் கிடந்த வெற்றிலை எச்சிலுக்கு மேல் பெறாது என்று அப்போது தோன்றியது.

ஆஸ்பத்திரி வாசலில் ஷேர் ஆட்டோக்காரர்கள் “திருச்சானூரு, திருச்சானூரு” என்று கூவிக்கொண்டிருந்தார்கள். அங்கே ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து போனில் எழுத ஆரம்பித்தேன். ஷெட்டில் பல்லி கத்தினால்கூட எழுத்து ஓடாது என்று அலட்டிக்கொள்கிறவள், பக்கத்தில் இஞ்சி இடிக்கிற சத்தத்தில், ஹார்ன் சத்தத்தில் எழுதினேன். நதி கேட்கிறது. தோணிக்காரன் தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டுகிறான், ஒன்றுமில்லை. பிறகு குனிந்து தன் வலது காலைத் தொடுகிறான். ‘இது இருக்கிறது’ என்கிறான். நதி அந்தக் காலை மெதுவாக, நோகாமல் எடுத்துக்கொள்கிறது. ஒற்றைக் காலோடு அவன் துடுப்பைப் பிடிக்கிறான். ஜனங்கள் கரையேறி அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு போகிறார்கள்.

எழுதும்போது நானே அழுதேன். டீக்கடைக்காரர் உள்ளே யாரோ போய்விட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு காசு வேண்டாம் என்றார். அதை வேறு ஒரு நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டு வார்டுக்கு ஓடினேன்.

“மாமா, இன்னிக்கி எபிசோட். உனக்குத்தான் மொதல்ல.”

இந்தத் தடவை திரும்பினார். காய்ச்சலில் கண் சிவந்திருந்தது, ஆனால் அந்தக் கண்ணில் பழைய ஆசை இருந்தது. அத்தை கால்மாட்டில் நின்று கையைக் கட்டிக்கொண்டாள். நான் படித்தேன். குரல் உடைய வேண்டிய இடத்தில் சரியாக உடைந்தது. முடித்துவிட்டு நிமிர்ந்தேன்.

மாமா இருமவில்லை. தலையணைக்கடியில் கையை விட்டுத் தேடினார். ஆஸ்பத்திரியில் பீடிக்கு எங்கே போவது? கையை வெறுமனே வெளியே எடுத்தார்.

“தோணி ஓட்டறவன் நின்னுக்கினா ஓட்டறான்?” என்றார்.

“இல்ல. உக்காந்துக்கினு.”

“உக்காந்துக்கினு துடுப்புப் போடறவனுக்குக் கால் எதுக்கு?”

நான் போனில் எழுதியதை மேலே தள்ளிப் பார்த்தேன்.

“நீதான எயுதன, குடுக்கறவனுக்கு வலிக்காதத நதி வாங்காதுன்னு? நெயல குடுத்தான், தூக்கத்த குடுத்தான், பெத்தவ மூஞ்சியவே குடுத்தான். இப்ப வந்து கால நீட்னா வாங்கிக்குமா? நதி இன்னா கேனையா?” மூச்சு வாங்கியது அவருக்கு. “எனக்குன்னு செஞ்சிக்கினு வந்துருக்க. செல்லி சொல்லிக் குடுத்தாளா?”

அத்தை தலையைக் குனிந்துகொண்டாள். மாமா மறுபடியும் சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார். டாக்டர் சபீனா வார்டு வாசலில் நின்று என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். ஆபரேஷன் தியேட்டர் காலியாக இருக்கிறது என்றும், இன்னும் கொஞ்ச நேரத்தில் வேறு ஆளுக்குக் கொடுக்க வேண்டியிருக்கும் என்றும் நர்ஸ் சொல்லிவிட்டுப் போனாள்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. “ஆமா!” என்று கத்தினேன். வார்டே திரும்பிப் பார்த்தது. “உனக்குன்னுதான் செஞ்சேன். பொய்தான். நெஜமா நா எயுதனது என்னா தெரியுமா? செத்துட்டான். தண்ணியில எறங்கிப் போயிட்டான். போதுமா? ஷெட்டுல உக்காந்து பேசி வச்சிருக்கேன். கேக்கறியா?”

“போடு,” என்றார் சுவரைப் பார்த்தபடியே.

அத்தை “வேணாம் கலை” என்று என் கையைப் பிடித்தாள். பிடித்த கையோடேயே போனை அவர் தலைமாட்டில் வைத்துப் போட்டுவிட்டேன். அவள் முகத்தில் இருந்த பயத்தைப் பார்த்தும் போட்டேன்.

என் குரல் அமைதியாக வந்தது, கோணிகளுக்கு நடுவே பேசிய குரல். தோணிக்காரன் துடுப்பைத் தோணிக்குள் பத்திரமாக வைக்கிறான். இருட்டான நீரில் இறங்குகிறான், இடுப்பளவு, கழுத்தளவு. நதி வாங்கிக்கொள்கிறது. தோணி தானாகப் போய்க் கரையில் தட்டுகிறது. ஜனங்கள் இறங்கி மண்ணில் விழுந்து கும்பிடுகிறார்கள். விடிகிறது. கரையில் மணலைத் தவிர ஒன்றும் இல்லை. திரும்பிப் போகலாம் என்று ஒருத்தி தோணியில் ஏறித் துடுப்பைப் போடுகிறாள். தோணி நின்ற இடத்திலேயே சுற்றுகிறது. இன்னொருவன் ஏறுகிறான், அப்போதும் சுற்றுகிறது. பிள்ளைகள் தண்ணீரைப் பார்த்து “நாகையா, நாகையா” என்று கூப்பிடுகிறார்கள். அதோடு எபிசோட் முடிந்தது.

பக்கத்துப் படுக்கைக்காரர் உச்சுக் கொட்டினார். மாமா அசையவில்லை. செத்தே போய்விட்டாரோ என்று குனிந்து அவர் மூச்சைப் பார்த்தேன்.

“ஒருத்தனுக்குமா துடுப்புப் போடத் தெரியாது?” என்று கேட்டார்.

“தெரியாது.”

“ஏன்?”

“அவன் யாருக்கும் கத்துக் குடுக்கல மாமா. எல்லாத்தையும் தானே ஓட்டிக்கினு இருந்தான்.”

“அப்ப அந்த ஜனம் இன்னா ஆவும்?”

“அந்த மணல்லயே கெடக்கும்.”

“நாளைக்கு எயுதும்போது எவனாவது வந்து இட்டுக்கினு போவானா?”

“யாரும் வரமாட்டாங்க,” என்றேன். அது உண்மை. அடுத்த பகுதியை நான் அப்படித்தான் யோசித்து வைத்திருந்தேன்.

மாமா மெல்லத் திரும்பி மல்லாந்து படுத்தார். கால்மாட்டில் நின்ற அத்தையை ரொம்ப நேரம் பார்த்தார். அந்த வீட்டில் பிள்ளை குட்டி கிடையாது. இவர்கள் இரண்டு பேர்தான்.

“இவளுக்கு ஸ்டார்ட்டர் பொட்டிய தொடவே பயம்,” என்று என்னிடம் சொன்னார். “ஒரு வாட்டி ஷாக்கு அடிச்சதுல இருந்து அந்தப் பக்கமே போவமாட்டா. எந்த வாய்க்கா எந்தப் பாத்திக்குப் போவுதுன்னுகூட தெரியாது. நா சொல்லவே இல்ல. பொம்பளைக்கு எதுக்குன்னு வுட்டுட்டேன்.”

“சொல்லிக் குடுத்தா தெரிஞ்சுக்கமாட்டனா?” என்றாள் அத்தை. அவள் குரல் அழுகையில் கோணிப்போயிருந்தது.

“கட்டில்ல உக்காந்துக்கினே சொல்லலாம் இல்ல?”

“சொல்லேன். யார் வேணான்னது?”

“அந்த டாக்டரம்மாவ கூப்புடு,” என்றார்.

எல்லாம் மளமளவென்று நடந்தது. கையெழுத்தைப் போட்டுவிட்டு, ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது மாமா என் முந்தானையைப் பிடித்து இழுத்தார்.

“எந்தக் கதைய வுடப் போற?”

“எதையும் வுடல. நீ மொதல்ல நல்லபடியா வெளிய வா.”

“ஏய். நா கேட்டனே, அத வுடு. அதான் ஒயுங்கா கீது. மாத்தனன்னா தெரிஞ்சிடும் எனக்கு.” பிறகு, அந்தக் காய்ச்சலிலும், பல்லைக் காட்டிச் சிரித்தார். “எமனுக்குப் பேருதான கணக்கு? அந்தப் பேர்ல ஒருத்தன் போவணும்னு இருந்தா அவனே போவட்டும் மே. நா கண்ண தொறந்து வந்து கேக்கறேன்.”

தள்ளிக்கொண்டு போனார்கள். ஆபரேஷன் தியேட்டர் கதவு மூடிக்கொண்டது. கேலியாகத்தான் சொன்னார். ஆனால் அத்தை அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் ஊரில் குழந்தை தங்காத வீட்டில் அடுத்துப் பிறக்கிற பிள்ளையைக் குப்பையில் புரட்டி எடுத்துக் குப்பன் என்று பேர் வைப்பார்கள். எமன் பேரைப் பார்த்துத்தான் ஆளை எடுப்பான், இந்தப் பேரைப் பார்த்தால் குப்பைதானே என்று விட்டுவிட்டுப் போய்விடுவான் என்று ஒரு நம்பிக்கை. அத்தைக்கு அது நெஞ்சில் ஊறியது. காலையில் கையெடுத்துக் கும்பிட்டவள், இப்போது என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

“அவன கொன்னுடு கலை.”

“அத்தை, காலையில நீதான...”

“காலையில எனக்குத் தெரியல. அவரே சொல்லிட்டுப் போறாரு பாரு. சீக்கிரம் கொல்லு. இவரு உள்ள கீறப்பவே அவன் போயிடணும்.”

இப்போது எனக்குப் பயம் பிடித்தது. நான் இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. ஜாதகம் பார்ப்பதில்லை, பூனை குறுக்கே போனால் நிற்பதில்லை. ஆனால் அந்தக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, உள்ளே ஒரு நாகையாவின் காலை அறுக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு, வெளியே ஒரு நாகையாவைச் சாகடிக்க என் விரல் வரவில்லை. கமலக்கண்ணன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து என் கண் முன்னால் நின்றான். டீக்கடையில் எழுதியதையே ஓரமாகப் போய் நின்று படித்து அனுப்பிவிடலாமா என்று யோசித்தேன். பொய்யாக இருந்தால் என்ன, பிழைத்திருப்பானே.

பிரீத்தி கூப்பிட்டாள். “அக்கா, அஞ்சே முக்கால் ஆச்சு. ஃபைல் இன்னும் வரலை. என்னாச்சு?”

“எங்க மாமாவுக்கு ஆபரேஷன் நடக்குது பிரீத்தி.”

“ஐயோ. அப்போ நாளைக்குப் போட்டுக்கலாமா? நான் சமாளிச்சுக்கறேன்.”

இப்படி ஒரு வழி கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சரி என்று சொல்ல வாயைத் திறந்தேன். அத்தை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாத்தனன்னா தெரிஞ்சிடும் எனக்கு என்று சொல்லிவிட்டுப் போனவர், கண் விழித்ததும் முதலில் அதைத்தான் கேட்பார். பொய் சொன்னேன் என்று தெரிந்தால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். அதை இன்னொரு தடவை என்னால் பார்க்க முடியாது.

“வேணாம். இப்பவே அனுப்பறேன்,” என்றேன்.

அனுப்பினேன். போனில் அந்தப் பச்சைக் கோடு மெல்ல மெல்ல நகர்ந்து முடிவுக்குப் போவதை அத்தையும் நானும் தலையோடு தலை முட்டப் பார்த்துக்கொண்டிருந்தோம். அது முடிந்ததும் அத்தை “போயிட்டானா?” என்றாள். “போயிட்டான்” என்றேன். அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் போனைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டேன். ஆறு மணி ஆனதும் அது என் கைக்குள் நிற்காமல் துடிக்க ஆரம்பித்தது. எங்கெங்கோ இருக்கிறவர்கள் நாகையாவுக்காக அழுது எனக்கு எழுதிக்கொண்டிருந்தார்கள். பாவி, ஏன் கொன்னே என்று கேட்டார்கள். கதவு மட்டும் திறக்கவே இல்லை. நான் என்ன காரியம் செய்துவிட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அந்த வராந்தாவில் நடந்தேன்.

இருட்டத் தொடங்கிய பிறகு டாக்டர் சபீனா முகத்துணியைக் கழற்றிக்கொண்டே வந்தார். “பாகுன்னாரு,” என்றார். நன்றாக இருக்கிறார். அத்தை அவர் காலில் விழப் போனாள், அவர் பதறி விலகிக்கொண்டார். நான் சுவரில் சாய்ந்து சத்தமாக அழுதேன்.

மறுநாள் மத்தியானம்தான் மாமாவுக்கு முழுசாக நினைவு தெளிந்தது. காய்ச்சல் இறங்கியிருந்தது. காலைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நர்ஸ் வந்து கட்டைப் பார்த்தபோதும் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கஞ்சியைக் குடித்தார், வாயைத் துடைத்துக்கொண்டார். “எங்க, போடு,” என்றார்.

“நேத்திக்கே கேட்டியே மாமா.”

“அது நீ கத்திக்கினு போட்டது. இப்ப போடு.”

ஆப்பிலேயே போட்டேன், எல்லோருக்கும் வருகிற மாதிரி, முன்னால் வருகிற பாட்டோடு. பக்கத்துப் படுக்கைக்காரரும் எழுந்து உட்கார்ந்தார். மாமா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தோணிக்காரன் துடுப்பைப் பத்திரமாக வைக்கும்போது லேசாக இருமினார். இடுப்பளவு தண்ணீரில் இறங்கும்போது அவருடைய மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் காதுப் பக்கம் இறங்கியது. அதற்கப்புறம் நிற்கவே இல்லை. தோள் குலுங்கக் குலுங்க அழுதார். பிள்ளைகள் அவன் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிற இடத்தில் துண்டை வாயில் அடைத்துக்கொண்டார்.

அத்தைக்குப் பொறுக்கவில்லை. “கால எடுத்ததுக்கு ஒரு சொட்டுத் தண்ணி வரல இந்த மனுசனுக்கு. கதையில எவனோ போனதுக்கு இந்த அழுவ அழுவுது.”

மாமா துண்டால் முகத்தைத் துடைத்தார். போர்வை இடது பக்கம் பாதம் வரைக்கும் மேடாக இருந்தது, வலது பக்கம் பாதியிலேயே தட்டையாகிப் போயிருந்தது. அதைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

“குடுத்து வச்சவன் மே,” என்றார். “ரெண்டு காலோட போயிட்டான்.”